ஏழு டன் வீட்டை இழுக்க எந்த வண்டி?

செமஸ்டர் பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம்தான். நியாயமா நான் இப்போ காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தோட இருக்கணும். ஆனா போன ஒரு மாசமா என் லேப்டாப்ல திறந்து கிடக்கிற எக்ஸெல் ஷீட், அமெரிக்காவுல வீட்டையே இழுத்துக்கிட்டு ஊர் ஊராத் திரியறவங்க வாங்கற டிரக் பத்தினது. ஓடிடாதீங்க, காஸ்ட் அக்கவுண்டிங்கும் உள்ள வரும் :-)

முதல்ல ஃபிஃப்த் வீல்னா என்னன்னு பார்த்துடலாம். துறைமுகப் பக்கம் கண்டெய்னர் லாரி பார்த்திருப்பீங்க. முன்னாடி இருக்கிற எஞ்சின் வண்டியோட முதுகுல ஒரு வட்டமான இரும்புத் தட்டு இருக்கும், பின்னாடி வர்ற டிரெய்லர் அது மேல உட்கார்ந்து திரும்பும். அந்தத் தட்டுக்குப் பேரு ஃபிஃப்த் வீல். குதிரை வண்டிக் காலத்துல முன் அச்சு திரும்பறதுக்காகப் படுக்கை வாட்டத்துல ஒரு சக்கரம் வைப்பாங்க, நாலு சக்கரத்துக்கு அப்புறம் அது அஞ்சாவது. பேரு அங்கிருந்து வந்தது.

இதே முறையில அமெரிக்காவுல வீடு கட்டி விக்கறாங்க. 35, 40 அடி நீளம். படுக்கையறை, சமையலறை, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் உண்டு. நிறுத்தின இடத்துல பட்டனைத் தட்டினா பக்கச் சுவரே வெளிய நகர்ந்து ஹால் பெருசாகும்! முன்பக்கம் அடியில தொங்கற கிங்பின்னை, பிக்கப் டிரக்கோட பின் தொட்டியில பொருத்தின ஹிட்ச்ல மாட்டணும். அதாவது டிரெய்லரோட மூக்கு டிரக்கோட பின் அச்சுக்கு நேர் மேல உட்காருது. இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, மொத்தக் கதையும் இதுலதான்.

எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எங்க மாமா டெக்சாஸ்ல இருக்கார். வேலையில இருந்து ஓய்வு வாங்கிட்டு, வீட்டை வித்துட்டு, அத்தையோட ஃபிஃப்த் வீல்லயே முழுநேரமும் வாழப் போறதா முடிவு பண்ணிட்டார். டிரெய்லரும் பார்த்து வச்சாச்சு. சாமானோட அதிகபட்ச எடை 16,000 பவுண்டு, நம்ம கணக்குல ஏழேகால் டன். அதை இழுக்க முக்கால் டன் வகை டீசல் டிரக் ஒண்ணையும் ஒரு ஷோரூம்ல பேசி முடிச்சிட்டார். "இது எதை வேணும்னாலும் இழுக்கும் சார்"னு விக்கறவர் சொன்னாராம். விளம்பரத்துலயும் 18,000 பவுண்டுக்கு மேல இழுக்கும்னுதான் போட்டிருக்கு.

மறுநாள் அத்தை தனியா போன் பண்ணாங்க. "கண்ணா, நீ கணக்குதானே படிக்கிறே? அந்த வண்டிக் கணக்கை ஒரு தடவை பாருப்பா. அவர் ஓட்டறப்போ பக்கத்துல உட்காரப் போறது நான்தான்."

சரி, மேட்டருக்கு வருவோம். முக்கால் டன், ஒரு டன்னு சொல்றதெல்லாம் பழைய காலத்துப் பேரு, நிஜமான எடை இல்ல. ஃபோர்டுல எஃப்-150, 250, 350, ராம்ல 1500, 2500, 3500னு வர்ற வரிசைதான் அரை, முக்கால், ஒரு டன்.

இதுல இழுக்கறது வேற, சுமக்கறது வேற. இழுக்கற திறனுக்கு எஸ்.ஏ.இ. ஜே2807னு ஒரு தரமுறை இருக்கு. அரிசோனாவுல டேவிஸ் டேம் பக்கத்து மேட்டுச் சாலையில 11 மைலுக்கு மேல, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில்ல, ஏசியை முழுசா ஓட விட்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் குறையாம ஏறணும். கடுமையான சோதனைதான். ஆனா கணக்குல டிரக்குக்குள்ள இருக்கிறது ஆளுக்கு 150 பவுண்டு எடையில ரெண்டே பேர். குடும்பம் நடத்தற சாமான் அதுல இல்ல.

சுமக்கற திறன் எவ்வளவுன்னு விளம்பரத்துல தேடாதீங்க. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாதுன்னு அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கான எண் அதுல இருக்கும். ஒரே மாடல்ல ரெண்டு வண்டி நின்னா ரெண்டுலயும் எண் வேற வேற. சன்ரூஃப், தோல் சீட்டுன்னு சொகுசு ஏற ஏற இந்த எண் இறங்கும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினை விட பல நூறு பவுண்டு கனம், அதுவும் இதுலதான் கழியும். காமர்ஸ் பசங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, விளம்பர எண் மொத்த விற்பனை. கதவு ஸ்டிக்கர்தான் கையில நிக்கற லாபம்.

மாமாவை அந்த ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பச் சொன்னேன். 2,318 பவுண்டு. இப்போ செலவுப் பக்கம்:

ஃபிஃப்த் வீல்ல டிரெய்லர் எடையில 20 முதல் 25 சதவீதம் கிங்பின் வழியா டிரக் மேல இறங்கும். 23னு வச்சா 16,000க்கு 3,680.
ஹிட்ச் 200.
மாமாவும் அத்தையும் 330.
கருவிப்பெட்டி, ஜெனரேட்டர், சில்லறைச் சாமான் 300.
மொத்தம் 4,510 பவுண்டு.

2,318 தாங்கற வண்டி மேல 4,510! கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. எஞ்சின் இழுத்துடும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஸ்பிரிங், பின் அச்சு, டயர் எல்லாம் வரம்பைத் தாண்டி நிக்கும். கொலராடோ மலைச்சாலையில 6, 7 சதவீதச் சரிவு மைல் கணக்குல இறங்கும். அங்க ஏழு டன் பின்னாலிருந்து தள்றப்போ குதிரைத்திறன் உதவாது, பிரேக்கும் டயரும்தான் உதவணும்.

"டிரெய்லர் காலியா 13,000தானே மாப்ளே"ன்னார் மாமா. காலி எடைங்கறது ஃபேக்டரி வாசல்ல நிக்கற எடை. லீவுக்கு நாலு நாள் போறவங்க கம்மியா ஏத்தலாம். முழுநேரம் வாழறவங்களுக்கு அதுதான் வீடு. இட்லிப் பானை, கிரைண்டர், குளிர்காலத் துணி, மருந்து, பழைய ஆல்பம் எல்லாம் அதுக்குள்ளதான். ஒரு காலன் தண்ணி மட்டுமே 8.3 பவுண்டு, 60 காலன் டேங்க் நிரம்பினா 500 பவுண்டு. அதனால எப்பவும் அதிகபட்ச எடையை வச்சுத்தான் கணக்குப் போடணும்.

அப்போ வழி? ஒண்ணு, அதே டிரெய்லருக்கு டூவலி வாங்கறது. பின்னாடி பக்கத்துக்கு ரெண்டா நாலு டயர் போட்ட ஒரு டன் வண்டி. மாமா பார்த்த ஒண்ணுல ஸ்டிக்கர் 5,500க்குக் கொஞ்சம் மேல, ஆயிரம் பவுண்டு மிச்சம். ஆனா புது டீசல் டூவலி நல்ல வசதியோட எடுத்தா 80,000 டாலரைத் தாண்டிடும், மாத்த வேண்டிய டயர் ஆறு. தவிர, வீட்டை வித்துட்டா மளிகைக் கடைக்கும் டாக்டருக்கும் போற கார் இதேதான். அந்த அகல வண்டியை பார்க்கிங்ல நுழைச்சுப் பாருங்க, தெரியும். இன்னொரு சிக்கல் லைசென்ஸ். டூவலியோட மொத்த எடை வரம்பு பெரும்பாலும் 14,000. டிரெய்லரோட 16,000 சேர்த்தா 30,000. டெக்சாஸ்ல கூட்டு எடை 26,000ஐத் தாண்டி, இழுக்கப்படறது 10,000க்கு மேல இருந்தா, சொந்த உபயோகத்துக்கே கிளாஸ் ஏ லைசென்ஸ் எடுக்கணும்.

ரெண்டாவது வழி, வீட்டைச் சின்னதாக்கறது. 12,000 பவுண்டு டிரெய்லர்னா பின் எடை 2,760. மத்ததெல்லாம் சேர்த்தா 3,590. பின்னாடி ரெண்டே டயர் இருக்கிற சாதா ஒரு டன் வண்டி ஒண்ணுல ஸ்டிக்கர் 3,900 இருந்தது. தாங்கும். ரெண்டு வரம்பையும் கூட்டினாலும் 26,000க்குள்ள அடங்கும், இப்போ இருக்கிற லைசென்ஸே போதும். விலையும் கம்மி. இழப்பு என்னன்னா அஞ்சாறு அடி நீளமும் வாஷிங் மெஷினும்.

காஸ்ட் அக்கவுண்டிங் வரும்னு சொன்னேன்ல, இங்கதான். வீட்டை வித்த பணம் அவங்களோட ஓய்வுக்கால மூலதனம். நிலத்தோட இருக்கிற வீடு பெரும்பாலும் விலை ஏறும். டிரெய்லரும் டிரக்கும் வாங்கின நாள்லேருந்து தேய்மானம்தான். வாஷிங் மெஷினுக்காக நாலு அடி கூட்டினா டிரெய்லர் விலை மட்டும் ஏறாது. டிரக், டயர், இன்சூரன்ஸ், எரிபொருள்னு எல்லாமே கூட ஏறும். அந்த வாஷிங் மெஷினோட உண்மையான விலை பல ஆயிரம் டாலர்!

இந்த ரெண்டு பக்கத்தையும் அனுப்பி வச்சேன். மாமா ரெண்டு நாள் பேசல. பார்த்து வச்ச வண்டி அவருக்கு அவ்வளவு பிடிச்சிருந்தது, பாவம். மூணாம் நாள் அத்தைதான் தீர்ப்பு சொன்னாங்க: "நானும் ஓட்டக்கூடிய வண்டியா இருக்கணும். அவருக்கு நடு வழியில நெஞ்சு வலிச்சா யார் ஓட்டறது?" என் எக்ஸெல்ல அதுக்கு ஒரு கட்டமே இல்ல. முடிவு சின்ன டிரெய்லர், சாதா ஒரு டன். துணி துவைக்க முகாம்லயே காசு போட்டா ஓடற மெஷின் இருக்காம்.

அமெரிக்காவுல சொந்தக்காரங்க யாராவது இந்த யோசனையில இருந்தா அவங்களுக்கு மூணே வரி. முதல்ல டிரெய்லரை முடிவு பண்ணுங்க, அப்புறம் டிரக். அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படிங்க. வாங்கினப்புறம் சாமான் எல்லாம் ஏத்தி, நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புல இருக்கிற எடைமேடையில நிறுத்தி ஒவ்வொரு அச்சுக்கும் எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் ஆகும்.

தொட்டி ஆறரை அடியா எட்டு அடியான்னு இன்னொரு சண்டை டெக்சாஸ்ல ஓடிக்கிட்டிருக்கு. சின்னத் தொட்டின்னா திருப்பத்துல டிரெய்லர் மூக்கு கேபினை இடிக்காம இருக்க நகர்ற ஹிட்ச் போடணும். அதுல நான் தலையிடறதா இல்ல. எனக்குப் பரீட்சை இருக்கு!