வேனற்கட்டியும் திராட்சைக் குலையும்

மதுரையில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் பிள்ளைகளின் உடம்பில் வேனற்கட்டிகள் முளைக்கின்றன. சென்ற கோடையில் எம் இளைய மகனுக்கு மூக்கருகே ஒன்று எழும்பிற்று. சூட்டுக்கட்டிதானே என்று பிதுக்க முனைந்தோம். மருத்துவர் தடுத்தார். அப்பகுதியின் இரத்தக் குழாய்கள் மூளைப் பக்கத்தோடு தொடர்புடையவை. பிதுக்கினால் நஞ்சு உள்ளே பரவி உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். நம் அறியாமையை எண்ணி நடுங்கினோம்.

வெயில் வெறும் துணைதான். கட்டியின் காரணம் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் நுண்கிருமி. திராட்சைக் குலைபோல் தோன்றும் இதற்கு, 1882-இல் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கிரேக்க மொழியில் அப்பெயரையே சூட்டினார். ஏறத்தாழ மூவரில் ஒருவர் மூக்கில் இது தீங்கின்றிக் குடியிருக்கிறது. வியர்த்துச் சொறிந்த தோலில் வழி கிடைத்தால் பகையாகிறது. 1928-இல் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டதும் இக்கிருமியை வளர்த்த தட்டிலேதான். ஆயினும் மருந்துகளைக் கண்டபடி விழுங்கியதால், அவற்றுக்கு அடங்காத கிருமிகள் இன்று பெருகியுள்ளன.

ஆகவே கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவோம். துவாலையைத் தனித்தனியே வைப்போம். வெந்நீர் ஒத்தடம் கொடுப்போம். மருத்துவர் சொன்னபடியே மருந்துண்போம். எசேக்கியா அரசரின் மன்றாட்டைக் கேட்ட இறைவன், அவர் கட்டிக்கு அத்திப்பழ அடையையும் விலக்கவில்லை அன்றோ?