தண்ணீர் ஊற்றச் சொன்னது நான்

கரடியூரில் என் வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக வைத்த ஆரிகனோச் செடிகளை அழுகவிட்டவன் நான். பழியைத் தோட்ட வேலைக்கு வந்த அக்காவின் மேல் போட்டேன்.

பீட்சாவில் தூவும் ஆரிகனோவின் உறவுக்காரச் செடிகள் இவை. 'கென்ட் பியூட்டி' வகையில் பூவைவிட, பூவைப் பொதிந்திருக்கும் செதில்கள்தான் அழகு; வெளிர்பச்சையில் ரோஜா நிறம் படர்ந்து அடுக்கடுக்காகத் தொங்கும். கூடவே கிரீட் தீவின் டிட்டனியும் வாங்கினேன். சுண்ணாம்புப் பாறை இடுக்கில், மழை எட்டிப் பார்க்காத கோடையைத் தாங்கி வாழும் செடி அது. இலைமேல் வெண்பஞ்சு போல் இருக்கும் ரோமம், உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பதற்கு.

கரடியூர் இருக்கும் சேர்வராயன் மலையிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை. ஆடிக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் இலை காயாது. மண்ணும் புளிப்பான செம்மண். காபிக்கும் மிளகுக்கும் உகந்தது. சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அது வேரூன்றிய மலையில் எதுவும் பிழைக்கும் என்று நம்பினேன். காபித்தோல் எருவைத் தாராளமாகக் கலந்து, மாலைதோறும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

"இது மருவு சாதிங்க. எருவைக் கொறைச்சு, ஜல்லி போட்டு மேட்டுல வைங்க. தண்ணி ஆகாதுங்க" என்றார் அக்கா. அவர் சொன்னது சரி. கதம்பத்தில் கட்டும் மருவும் ஆரிகனோவும் ஒரே பேரினம். அவர் வைத்த மருவு, மதில்மேல் ஓட்டைச் சட்டியில் நன்றாகவே இருந்தது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டே, "சொன்னதைச் செய்யுங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் பேசினேன்.

மழையில் தண்டின் அடி கறுத்தது. நீர் வடியாத மண்ணில் வேருக்குக் காற்றில்லை, பூஞ்சை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் கேட்டபோது, அக்கா அங்கேயே நிற்க, "இவங்க தண்ணி ஊத்தியே கெடுத்துட்டாங்க" என்றேன். வாய் தவறி வந்த சொல் அல்ல அது. செடி தெரிந்தவன் என்று எனக்கிருந்த பெயர் போய்விடுமே என்ற பயத்தில் சொன்னது. அவர்கள் காபி குடித்து எழும்வரை திருத்த நேரம் இருந்தது. திருத்தவில்லை. அக்கா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வேலைக்கு வரவில்லை.

பிறகு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க" என்றார். திரும்பி வரவில்லை. வரவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

தப்பிய சில தண்டுகளை ஜல்லியும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த மேட்டுப் பாத்தியில், வெயில் படும் தாழ்வாரத்து ஓரம் வைத்தேன். எரு போடவில்லை. அவை துளிர்த்துவிட்டன. அந்தப் பாத்தி அக்கா சொன்ன முறையில் போட்டது. அன்று என் வீட்டுக்கு வந்திருந்தவர்கள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: தண்ணீர் ஊற்றச் சொன்னது நான். வேண்டாம் என்று தடுத்தவர் அவர்.