பன்னிரண்டு வருஷ நேர்ச்சை

ஆகஸ்ட் 29-ஆம் தேதி கொடி ஏறி, செப்டம்பர் 8-ஆம் தேதி மாலை இறங்குவதற்குள் வேளாங்கண்ணிக்கு வந்துபோகிற கூட்டத்துக்குக் கணக்கில்லை. மறுநாள் காலையில் கடற்கரைப் பக்கம் நடந்தால் கூட்டம் விட்டுப்போனதெல்லாம் கிடக்கும்: அறுந்த செருப்பு, காவித் துண்டு, தண்ணீர் பாட்டில், பாதி எரிந்த மெழுகுவத்தி. போன வாரம் வரை ஊரில் இல்லாத சில நாய்களும் நிற்கும்.

அவற்றில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, நடைபயணக்காரர்களின் பின்னாலேயே வந்தது. வழியில் யாரோ ஒரு பிஸ்கட் போட்டிருப்பார்கள். அந்த விசுவாசத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூடவே ஓடிவந்திருக்கும். கூட்டம் பஸ் ஏறியதும் திகைத்து நின்றுவிடும். இன்னொன்று, காரில் வந்தது. கழுத்தில் பட்டை இருக்கும், அல்லது பட்டை கிடந்த இடத்தில் முடி தேய்ந்திருக்கும். இது மனிதர்களிடம் வராது. கார் வந்து நின்றால் மட்டும் எழுந்து ஓடும். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக முகர்ந்து பார்க்கும். பிறகு பழைய இடத்துக்கே வந்து படுத்துக்கொள்ளும். “சோறு வச்சாலும் திங்க மாட்டேங்குதுங்க சார், அந்த வண்டி வரும்னு பாத்துக்கிட்டே கெடக்கு” என்று பூ விற்கிற அக்கா ஒருமுறை சொன்னார்.

கொண்டுவந்து விட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்களாக இருக்கமாட்டார்கள். புண்ணியத் தலம், நாலு பேர் சோறு போடுவார்கள், பிழைத்துக்கொள்ளும் என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் விட்டிருப்பார்கள். ஆனால் வீட்டில் வளர்ந்த நாய்க்கு பஸ்ஸுக்கு ஒதுங்கத் தெரியாது. எந்தத் தெரு எந்த நாயின் எல்லை என்று தெரியாது. முதல் வாரத்தில் கடிபடும், அடுத்த மாதம் சொறி பிடிக்கும், அப்புறம் அதுவும் ஒரு தெருநாய். 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டபோது இங்கே டீக்கடை தோறும் அதே பேச்சுதான். தெருவில் நிற்பதில் எத்தனை, யாரோ ஆசையாகப் பெயர் வைத்துக் கூப்பிட்ட நாய் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

கத்தோலிக்க விவிலியத்தில் தோபித்து நூல் என்று ஒன்று உண்டு. இளைஞன் தோபியா, இரபேல் வானதூதரின் துணையோடு தூரதேசப் பயணம் புறப்படுகிறான். வீட்டு நாயும் கூடவே போகிறது. கதையில் அந்த நாய்க்கு எந்த வேலையும் இல்லை. அது பேயை விரட்டவில்லை, புதையலைக் காட்டவில்லை. ஆனால் கல்யாணம் முடித்து, கடனை வசூலித்து, ஊர் திரும்பும்போதும் அது அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. புறப்பட்டபோது கூட இருந்த நாயைத் திரும்பும்போதும் மறக்காமல் எழுதிவைத்தவர் நாய் வளர்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

நாய்க்குக் கொடுமை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கல்லெறிகிறவன், வெந்நீர் ஊற்றுகிறவன். 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் நாயை மொட்டை மாடியிலிருந்து தூக்கி எறிந்த வீடியோ நாட்டையே பதறவைத்தது. நாய் எலும்பு முறிவோடு பிழைத்தது. பத்ரா என்று பெயர் வைத்தார்கள். அந்த மாதிரிக் கொடுமை கண்ணுக்குத் தெரியும், கோபமும் உடனே வரும். வீட்டு நாய்க்கு நடப்பதில் பெரும்பாலானது கண்ணுக்குத் தெரியாதது. அதைச் செய்கிறவர்களும் அடிக்கிறவர்கள் அல்ல, ஆசை தீர்ந்துபோனவர்கள்.

ஊரில் ஒரு விடுதியின் கொல்லையில் காவலுக்கு ஒரு செவலை நாய் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் போனாலே நாற்றம் வந்தது. செத்த எலியாக இருக்கும் என்றார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் நாயின் கழுத்தில் பட்டையையே காணோம், சங்கிலி மட்டும் சதைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. “குட்டியா இருக்கறப்ப கட்டுனதுண்ணே, அப்புறம் யாரும் கழட்டல” என்றான் அங்கே வேலை செய்யும் பையன். நாய் வளர்ந்துவிட்டது, நைலான் பட்டை வளரவில்லை. அது தோலை அறுத்து உள்ளே இறங்கி, மேலே சதை மூடி, ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டது. கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு, கத்தரி நுனியை உள்ளே விட்டுப் பட்டையை வெட்டி எடுத்தார். பிறகு இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்பிரே அடித்து, மருந்து வைத்தார். மயக்கம் தெளிந்ததும் அந்த நாய் செய்த முதல் காரியம், கழுத்தை இரண்டு பக்கமும் நன்றாகத் திருப்பிப் பார்த்ததுதான். விடுதியில் யாரும் அதை ஒருநாளும் அடித்ததில்லை. வேளாவேளைக்குச் சோறும் வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று வாரம் ஒருமுறை தடவிப் பார்த்திருந்தால் போதும்.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. அதன் பின்னால் இருப்பவரும் தஞ்சை மண்ணோடு தொடர்புள்ளவர்தான். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நாட்டியம் கற்ற ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். விலங்குகளுக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்ன பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்தது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவைப் படித்தால் நம் கொல்லைப்புறத்தைப் பார்த்து எழுதியது போலிருக்கும். குட்டையான சங்கிலியில் கட்டிப்போடுவது, எந்நேரமும் கட்டியே வைத்திருந்து நடக்கவிடாமல் வளர்ப்பது, போதிய தீனியும் தண்ணீரும் நிழலும் தராதது, பட்டினி கிடக்கும்படி கைவிடுவது எல்லாமே குற்றம். ஆனால் முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஐம்பது ரூபாய்க்கு நம் கடற்கரையில் ஒரு ஆள் வயிறார மீன் வறுவல் தின்ன முடியாது. கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சம்ஹிதையின் 325-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. கைவிடுகிறவரை அந்தப் பிரிவு தொடாது.

ஆக, நாயைக் காப்பாற்ற வேண்டியது முதலில் வளர்க்கிறவர்தான். அதற்குப் பணத்தைவிடக் கவனம்தான் அதிகம் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்காத குட்டியைப் பார்வோ வைரஸ் நோய் பிடித்தால், இன்று வாந்தி, நாளை ரத்தபேதி, மறுநாள் குட்டி இருக்காது. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு தினம். அதையொட்டிப் பல ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். காதின் உள்மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று விலக்கிப் பார்க்கவேண்டும். உண்ணிக் காய்ச்சல் நாயை உள்ளுக்குள்ளேயே வெளுக்கவைத்துவிடும்.

நம் டெல்டாவுக்கென்று ஒரு ஆபத்தும் இருக்கிறது. சம்பா நட்டு எலித் தொல்லை தொடங்கியதும் வரப்பில் மருந்து வைப்பார்கள். மருந்தைத் தின்ற எலியை நாய் தின்னும். ராத்திரி நுரை தள்ளிக்கொண்டு கிடக்கிற நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள் பாதி முடிந்திருக்கும். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்கிற தஞ்சாவூர்க் கிட்டி எலியை மட்டும்தான் பிடிக்கும். சாயங்காலம் வைத்துக் காலையில் எடுத்துவிடலாம். கிட்டி வைக்கிறவர்கள் குறைந்துபோனதன் விலையை வயல்காட்டு நாய்களும் கொடுக்கின்றன. மருந்துதான் வைப்பது என்றால் பக்கத்து வீட்டுக்கு முதல்நாளே ஒரு வார்த்தை சொல்லலாம், நாயைக் கட்டிவைப்பார்கள். செத்த எலிகளை விடியற்காலையிலேயே பொறுக்கிப் புதைத்தும் விடலாம்.

“நல்ல குட்டி ஏதாச்சும் இருந்தா சொல்லுங்கண்ணே, புள்ள அழுவுது” என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் குட்டியின் நிறத்தைப் பேசுவதில்லை. பிள்ளை ஹாஸ்டலுக்குப் போன பிறகு யார் சோறு வைப்பார்கள் என்று கேட்பேன். மகன் சிங்கப்பூர் போய், நீங்களும் மகள் வீட்டோடு போய்விட்டால்? கண் தெரியாமல், வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகும் வயசில் யார் துடைப்பார்கள்? சிலர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

இந்த ஊரில் நேர்ச்சை என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டாம். வேண்டிக்கொள்ளும்போது வாய் சுலபமாகச் சொல்லிவிடும். நிறைவேற்றக் கால் நோக நடக்கவேண்டும். நாய் வளர்ப்பதும் அப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு நேர்ந்துகொள்வதுதான். மாதாவுக்கு நேர்ந்ததைத் தள்ளிப்போட்டால் கேள்வி வருமே என்ற பயமாவது நமக்கு இருக்கிறது. நாய்க்குக் கேட்கத் தெரியாது. பக்கத்து வீட்டுச் சங்கிலி குட்டையாக இருந்தால் நாம்தான் கேட்கவேண்டும்: “தம்பி, அதக் கொஞ்சம் அவுத்து விடேன், ஒரு நடை நடந்துட்டு வரட்டும்.” ‘உங்க வேலையப் பாருங்க’ என்பார்கள். பரவாயில்லை, மறுநாளும் கேட்கலாம்.