தெற்கு வீதித் தோடி

சென்ற மாதம் நண்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். செவ்வியல் இசையைக் கேட்கத் தொடங்கப் போகிறாராம், பத்துப் பதிவுகளின் பெயர்கள் வேண்டுமாம், விளக்கம் அதிகம் தேவையில்லையாம். பட்டியல் போடுவது எனக்குப் பிடித்த வேலை. கல்லூரி நாட்களில், கம்பத்தில் ஒலிப்பதிவு செய்து தரும் கடையில், தொண்ணூறு நிமிட வெற்று நாடாவில் எத்தனை உருப்படி கொள்ளும் என்று கணக்குப் பார்த்துத் துண்டுச்சீட்டு எழுதிய பழக்கம் இன்னும் விடவில்லை. ஆனால் இம்முறை முதல் பெயரை எழுதியதுமே அப்பாவின் நினைவு வந்து குறுக்கே நின்றது. ஆகவே நண்பர் மன்னிக்க வேண்டும். விளக்கம் கொஞ்சம் நீண்டுவிடும்.

நான் சின்னமனூர்க்காரன். ஒருபுறம் மேகமலை, மறுபுறம் தேவாரம், பண்ணைப்புரம் பக்கத்து மலைகள், நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் வாழையும். இங்கே சபாக்கள் கிடையாது. டிசம்பர் மாதம் எங்களுக்கு ஐயப்ப சீசன்தானே தவிர இசை சீசன் அல்ல. அப்பா வாழைக்காய்க் கமிஷன் கடையில் கணக்கெழுதினார். எழுத்து வேலைதான் என்றாலும் தாரைத் தூக்கி எடைபோடவும் போவார். அவர் சட்டைகள் அத்தனையிலும் வாழைக்கறை இருந்தது. அந்தக் கறை எந்த சோப்புக்கும் போகாது.

மதுரையில் கல்லூரி விடுதியில் சேர்ந்த பிறகுதான் எனக்குக் கர்நாடக இசை அறிமுகமாயிற்று. அறைத்தோழர் ஒருவர் ராகங்களை அடையாளம் காணக் கற்றுத் தந்தார். ஆறு மாதத்தில் கல்யாணி, மோகனம், சங்கராபரணம் என்று சொல்லத் தெரிந்துவிட்டது. அந்த ஆறு மாத ஞானத்தைப் போல் ஆபத்தானது வேறில்லை. 1987 விடுமுறையில் அந்தத் தோழரையும் அழைத்துக்கொண்டு, எம்.டி.ராமநாதன் பாடிய ஒலிநாடா ஒன்றோடு ஊருக்கு வந்தேன். இரவு அப்பா கடையிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் டேப்ரிகார்டரை அவர் முன்னால் வைத்து சஹானாவைப் போட்டேன். ராமநாதனைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல், அவசரமே அறியாத காலப்பிரமாணம், இரண்டு சங்கதிகளுக்கு நடுவே நீளமான மௌனம். அப்பா பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார்: “இவருக்கு ஒடம்புக்கு முடியலையா தம்பி?”

தோழர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். “இதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா” என்றேன். விடுதிக்குத் திரும்பியதும் பல பேரிடம் அதை வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். அப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு நான் பாட்டுப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். ஒன்பது ஆண்டுகள்.

1996இல் ஓர் இரவு. வானொலியில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஒலிபரப்பானது. நான் உள்ளே இருந்தேன், அப்பா வாசலில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். மின்சாரம் போய்விட்டதால் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த சிறிய வானொலி. வாசிப்பு மேலே ஏறத் தொடங்கியபோது அப்பாவின் குரல் கேட்டது.

“இது சாமி தெக்கு வீதி திரும்பையில வாசிக்கிறதுல்ல?”

எனக்குப் புரியவில்லை. வெளியே வந்து கேட்டேன். பூலாநந்தீசுவரர் கோயில் சுவாமி புறப்பாட்டைத்தான் சொன்னார். வாசலை விட்டுக் கிளம்பும்போது ஒன்று வாசிப்பார்கள், தெற்கு வீதி முனையில் சுவாமியை நிறுத்தி வைத்துக்கொண்டு நீளமாக ஒன்று, திரும்ப உள்ளே போகும்போது தாலாட்டுப் போல ஒன்று. முதலில் சொன்னது கம்பீர நாட்டையில் அமைந்த மல்லாரி. கடைசியில் சொன்னது நீலாம்பரி. நடுவில் உள்ளது தோடி. பெயர்கள் எதுவும் அவருக்குத் தெரியாது. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து நானும் அதைத்தான் கேட்டிருக்கிறேன். விடுதியில் தோடியை மூன்றாவது வாரம் ‘கற்றுக்கொண்டபோது’ அது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

“நம்ம நாயனக்காரர் ரெண்டு எடத்துல மூச்சுக்கு நிப்பாட்டுவாரு. இவரு நிப்பாட்டவே மாட்டேங்கிறாரே” என்றார் அப்பா. இவ்வளவு நுணுக்கமாக எப்படிக் கவனித்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பு, கூலிக்கு, புறப்பாட்டில் காஸ் விளக்குத் தூக்கியிருக்கிறார். பெட்ரோமாக்ஸைத் தலையில் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு மேளக்காரர்களை ஒட்டியே நடக்க வேண்டும், அவர்களுக்கு வெளிச்சம் வேண்டுமே. விடிய விடிய நாயனத்துக்கும் தவிலுக்கும் நடுவே நின்றிருக்கிறார். எந்த சபாவின் முதல் வரிசையிலும் கிடைக்காத இடம் அது. இந்த விஷயத்தை அதுவரை என்னிடம் அவர் சொன்னதில்லை. சொல்லும்படி நான் நடந்துகொண்டதும் இல்லை.

ஆகவே நண்பருக்கு என் முதல் சிபாரிசு ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. கிடைப்பதில் நீளமான பதிவைத் தேர்ந்தெடுங்கள். பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடங்களே கொள்ளும், அந்த அவசரம் தோடிக்கு ஆகாது. நாதஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைகள்தாம். மற்ற சுரங்களை எல்லாம் உதட்டாலும் மூச்சாலும் துளையை அரைகுறையாக மூடியும் வரவழைக்க வேண்டும். தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருப்பது. இதை அறிந்துகொண்டு கேட்டால் அந்த மனிதர் செய்திருப்பது என்ன என்று விளங்கும். அறியாமலும் கேட்கலாம், என் அப்பாவைப் போல.

அடுத்து அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.ஜானகியின் குரலோடு அவர் ஆபேரியில் போட்டிபோட்டதை எல்லோரும் கேட்டிருப்பார்கள். அதோடு நின்றுவிடாமல் அவருடைய கச்சேரிப் பதிவுகளுக்குப் போங்கள். 1964இல் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார் என்பதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை. வாய்ப்பாட்டில் தொடங்க விரும்பினால் மதுரை சோமு. அவர் பாட்டில் நாயனத்தின் சாயல் உண்டு என்பது என் எண்ணம். குரல் கரகரக்கும், சில இடங்களில் மிகையாகவும் போவார். பரவாயில்லை.

இளையராஜாவைச் சொல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுத முடியாது. பண்ணைப்புரம் எங்களூருக்கு மேற்கே மலையோரம். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியதை அப்பா நேரில் கேட்டிருக்கிறார். ‘சிந்து பைரவி’யில் (1985) சித்ரா பாடும் சாரமதி ராகப் பாடலைக் கேளுங்கள். நாட்டுப்பாடலாகத் தொடங்கித் தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் போய்ச் சேரும். அந்தக் கீர்த்தனை காம்போதியில் உள்ளது, ராஜா அதைச் சாரமதிக்கு மாற்றினார். மாற்றலாமா என்று அப்போது சர்ச்சை செய்தார்கள். எனக்கு அந்தச் சர்ச்சையில் அக்கறை இல்லை. தெருவிலிருந்து கோயிலுக்குள் போக இடையில் ஒரு படிகூட இல்லாமல் ஒருவர் பாதை போட்டுவிட்டார் என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பிறகு, 1986இல் வெளியான ‘ஹவ் டு நேம் இட்’. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பிக்கப்பட்ட தொகுப்பு. வி.எஸ்.நரசிம்மனின் வயலின். அதில் பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாகப் பெயரிட்ட பகுதியில், பாக்கின் ஈ மேஜர் பார்ட்டிடாவின் முகப்புப் பகுதி அப்படியே வருகிறது. இதைக் கேட்டபின் அந்தப் பார்ட்டிடாவைத் தனி வயலினில் தேடிக் கேட்கலாம். அங்கிருந்து பாப்லோ காசல்ஸ் 1936 முதல் 1939 வரை பதிவுசெய்த செல்லோ சூட்டுகளுக்குப் போக அதிக தூரமில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு ராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தது. அன்று எனக்கு அப்பாவின் காஸ் விளக்கு ஏனோ நினைவுக்கு வந்தது.

‘ஹவ் டு நேம் இட்’டை அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். “பிடிலு நல்லாத்தான் இருக்கு. எங்க போகுதுன்னுதான் தெரியல” என்றார். இம்முறை நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லப்போனால் சில பகுதிகளில் எனக்கும் அது தெரியவில்லை.

எம்.டி.ராமநாதனைப் பட்டியலில் எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. நான் அவரைச் சிபாரிசு செய்தது அப்பாவுக்காக அல்ல, தோழர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்காக. ஆகவே அவரைக் கடைசியில் வைக்கிறேன். தோடியும் காருகுறிச்சியும் பழகிய பிறகு, இரவில், தனியாக.

2003இல் அப்பா படுக்கையில் விழுந்தார். பேச்சு குறைந்துவிட்டது. ஒருநாள் கையசைத்துக் கூப்பிட்டார்.

“அந்த ஒடம்புக்கு முடியாதவரு பாட்டு ஒண்ணு வச்சிருந்தியே தம்பி. இருக்கா?”

இருந்தது. பதினாறு வருடப் பழைய நாடா. ஓடும்போது இழுத்தது, ஏற்கெனவே மெதுவான சஹானா இன்னும் மெதுவாகிவிட்டது. வேறு நல்ல பிரதி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். ஒரு பக்கம் முடிந்து கருவி ‘டக்’கென்று நின்றதும் கண்ணைத் திறக்காமலே விரலால் காட்டினார், திருப்பிப் போடச் சொல்லி.