கடைமடைக்கு அப்பால்

மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் எல்லா ஊரையும் சுற்றிவிட்டுக் கடைசியாக எட்டிப்பார்க்கும் ஊர் எங்களுடையது. மேட்டூரில் மதகு திறந்து, பூத்தூவி, படம் பிடித்து எல்லாம் முடிந்த பிறகும் எங்கள் வயல் வெடித்துக்கிடக்கும். அதனால் ஜூன் பிறந்தால் பேப்பரைக் கையில் எடுப்பவர் முதலில் உரக்க வாசிக்க வேண்டியது ஒன்றுதான்: கபினி எத்தனை அடி? கர்நாடகத்து அணைகளில் கிருஷ்ணராஜசாகர் பெரியது, நிரம்ப நாளாகும். கபினியின் கொள்ளளவு 19.52 டி.எம்.சி.தான். வயநாட்டில் மழை பிடித்துக்கொண்டால் மளமளவென்று 84 அடியைத் தொட்டுவிடும். அப்புறம் யார் நினைத்தாலும் தேக்கி வைக்க முடியாது. "திறந்துட்டான்யா" என்பார் அப்பா, சண்டையில் ஜெயித்தவர் மாதிரி.

1974-இல் கட்டி முடிந்த அந்த அணை எனக்கு ஓர் எண்ணாகவும் கோபமாகவும்தான் அறிமுகம். அதன் கரையில் போய்ச் சொகுசாகத் தங்குவேன் என்று நினைத்ததே இல்லை. ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, பெங்களூரில் இருக்கும் மகள் கபினியில் ஒரு ரிசார்ட்டில் அறை போட்டுவிட்டாள். "யாருக்கும் சமைக்காம, பேப்பர் திருத்தாம கொஞ்ச நாள் இரும்மா" என்றாள். 2025 ஏப்ரலில் நானும் கணவரும் போனோம்.

அணையின் பின்னால் விரிந்த நீர்ப்பரப்புக்கு ஒரு கரையில் நாகரஹொளே காடு, மறு கரையில் பந்திப்பூர் காடு. இரண்டும் புலிகள் காப்பகங்கள். நாங்கள் தங்கிய இடத்தைக் குருபர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்பைப் போலவே கட்டியிருந்தார்கள். அந்தக் குடியிருப்பை அங்கே ஹாடி என்கிறார்கள். கூரை வேய்ந்த குடில்கள், மண் நிறம் பூசிய சுவர், மூங்கில் தட்டி, திண்ணையில் சுரைக்குடுவை. கதவைத் திறந்தால் ஏசி, குளியல் தொட்டி, கொல்லைப்புறத்தில் நமக்கென்றே தனியாக ஒரு நீச்சல் குளம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பின்னால் தெரிந்துகொண்ட விஷயங்களால் அந்தச் சுகம் கொஞ்சமும் குறையவில்லை. குறைந்தது என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும், ஆனால் அது பொய்.

சாப்பாட்டுக் கூடத்தில் பழைய படங்கள் மாட்டியிருந்தார்கள். பெரும்பாலும் கெத்தா படங்கள். காட்டு யானைக் கூட்டத்தை நூற்றுக்கணக்கான ஆட்கள் பறையடித்து, தீப்பந்தம் காட்டி விரட்டி, ஆற்றில் இறக்கி, மரவேலிக்குள் அடைத்துப் பிடிக்கும் முறை அது. மைசூர் சமஸ்தானத்தில் இதை 1870-களில் சாண்டர்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி தொடங்கிவைத்தார். பிறகு இங்கே காக்கனகோட்டையில் வைஸ்ராய்களும் இளவரசர்களும் மகாராஜாவின் விருந்தாளிகளாக வந்து மேடை போட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசி கெத்தா 1971-இல். சில ஆண்டுகளில் அந்த ஆற்றங்கரையே அணை நீருக்குள் போய்விட்டது. பக்கத்துக் காராபுரத்தில் பிறந்த மாவுத்தர் மகன் சாபு, 1937-இல் வந்த 'எலிஃபண்ட் பாய்' படத்தில் நடித்து ஹாலிவுட்வரை போன கதையையும் அங்கேதான் கேட்டேன். மகாராஜா, வைஸ்ராய், சாபு எல்லோருக்கும் படத்தின் கீழே பெயர் இருந்தது. யானையை விரட்டியவர்களுக்கும், தடம் பார்த்துச் சொன்னவர்களுக்கும், ஆற்றில் இறங்கிக் கயிறு மாட்டியவர்களுக்கும் பெயர் இல்லை.

மாலை சஃபாரிக்கு ஜீப்பில் ஏறியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் புலி அல்ல, தண்ணீர். நீர்மட்டம் வெகுவாக இறங்கி, கரை அகல அகலமாக வெளியே தெரிந்தது. அணை கட்டியபோது மூழ்கிச் செத்த மரங்கள் மொட்டை மொட்டையாக நின்றன. "என்னங்க இப்படிக் காய்ஞ்சு கெடக்கு" என்றேன். ஓட்டுநரோ, "இந்தத் தடவை தண்ணி நல்லா இறங்கியிருக்கும்மா" என்று சந்தோஷப்பட்டார். கோடையில் நீர் வடிந்த சேற்றில் இளம்புல் முளைக்கும். சுற்றுக் காடெல்லாம் காய்ந்து கிடக்க, இங்கே மட்டும் பச்சை. இரண்டு பக்கக் காடுகளிலிருந்தும் யானைகள் நூற்றுக்கணக்கில் இறங்கி வரும். ஆசிய யானைகள் இத்தனை பெரிய கூட்டமாகக் கூடும் இடங்கள் உலகத்திலேயே குறைவு. நாங்கள் நிரம்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் அணை, இங்கே இறங்கினால்தான் சீசன்.

யானைகள் அந்தப் புல்லைத் தின்னும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புல் குட்டை, துதிக்கைக்குச் சரியாகப் பிடிபடாது. முன்காலின் நகத்தால் எற்றி எற்றிப் பெயர்த்து, துதிக்கையால் சுருட்டி, வேரில் ஒட்டிய மண்ணைத் தன் காலிலேயே தட்டி உதறிவிட்டு வாயில் வைக்கின்றன. நாற்றங்காலில் நாற்றுப் பறிக்கிற பெண்கள் நாற்றுமுடியைக் காலில் அடித்துச் சேற்றை உதறுவார்களே, அதே வீச்சு, அதே சத்தம். என் கணவரும் அதையேதான் நினைத்தார் என்று அவர் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது.

மறுநாள் காலை புலியையும் பார்த்தோம். மந்தி ஒன்று மரத்தின் மேலிருந்து இருமுவது போலக் குரல் கொடுத்தது, புள்ளிமான் கூவியது. எங்களோடு வந்த வழிகாட்டி கையை உயர்த்தி வண்டியை நிறுத்தச் சொன்னார். அதற்குள் வேறு ஜீப்புகளும் வந்து சேர, எங்கள் வண்டியிலேயே ஒருவர், "இன்னும் கிட்டப் போங்க, டிப்ஸ் பாத்துக்கலாம்" என்றார். வழிகாட்டி காதில் வாங்கவே இல்லை. பாதையைக் கடக்கப் புலிக்கு இடம் வேண்டும் என்று சொல்லி, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். புலி கடந்து உண்ணிச்செடிப் புதருக்குள் போனது. காப்பகத்தின் மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது என்று 2012-இல் வழிகாட்டு விதி வந்திருக்கிறது. ஆனால் விதி, நாங்கள் உட்கார்ந்திருந்த வண்டிக்குள் ஏறி டிப்ஸ்காரரை அடக்காது. அதை அந்த வழிகாட்டி இளைஞர்தான் செய்ய வேண்டியிருந்தது.

அவர் ஜேனு குருபர். காட்டுத் தேன் எடுப்பதில் பேர்போன சமூகம். கர்நாடகத்தில் 'மிகவும் நலிவுற்ற பழங்குடி' என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் இரண்டு சமூகங்களில் ஒன்று. ஹொசஹள்ளியில் சுவாமி விவேகானந்தா இளைஞர் இயக்கம் நடத்தும் பழங்குடிப் பள்ளியில் படித்தவர். குடகுக் காப்பித் தோட்டத்தில் தமிழ்க் கூலியாட்களோடு சில காலம் வேலை செய்ததில் தமிழும் பேசினார்.

"உங்க ஊர் எது தம்பி?"

கையைக் காட்டுக்குள் நீட்டினார். "தாத்தா இருந்தது அந்த மூங்கிலுக்கு அந்தப் பக்கம். இப்ப நாங்க ரோட்டோரக் காலனியில இருக்கோம்."

"அந்த இடத்துக்கு இப்பப் போக முடியுமா?"

"தினமும் ரெண்டு வேளை போறேனேம்மா, உங்களோட ஜீப்புல. தனியாப் போனாத்தான் கேஸு."

குத்திக்காட்டுகிற தொனி அதில் இல்லை. அன்றாட ஏற்பாட்டைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அன்று மத்தியானம் மகள் சேர்த்துப் பதிவுசெய்திருந்த எண்ணெய்க் குளியலுக்கு ஸ்பாவுக்குப் போனேன். மானந்தவாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி சூடான தைலத்தை முதுகில் ஊற்றித் தேய்த்தாள். கரும்பலகையில் எழுதியே இறுகிப்போன வலது தோள் நெகிழ்ந்தது. பேச்சுக் கொடுத்தேன். பனமரம் ஆறும் மானந்தவாடி ஆறும் கூடிக் கபினி ஆகிற இடத்துக்குப் பக்கம் அவள் வீடு. ஆடி மழையில் தண்ணீர் உள்ளே வந்துவிடுமாம். எங்கள் வீட்டில் கொண்டாடுகிற மழை, அவள் வீட்டில் பாய் சுருட்டுகிற மழை. ஆற்றின் தலைமடைக்காரி ஒருத்தியின் கைக்குக் கீழே கடைமடைக்காரி நான் சுகமாகப் படுத்துக் கிடந்தேன். "எங்க தண்ணி" என்று இதுவரை எத்தனை பேரிடம் பேசியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

இரவு நெருப்பு மூட்டி, குருபர் ஆட்டம் என்று ஒரு நிகழ்ச்சி. முடிந்ததும் அங்கிருந்த பொறுப்பாளர் ஆடியவர்களைக் காட்டி, "இவங்க எங்க குடும்பம் மாதிரி" என்றார். அவர் நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். அந்த வாக்கியம்தான் என்னை எங்கள் ஊருக்கு இழுத்துக்கொண்டு போனது.

என் தாத்தாவுக்கு நிலம் வேலிக்கணக்கில் இருந்தது. பண்ணையில் வேலை செய்தவர்கள் எங்கள் மனைக்கட்டில் குடிசை போட்டு இருந்தார்கள். "நம்ம ஆளுங்க" என்று பாட்டி பிரியமாகத்தான் சொல்வாள். பொங்கலுக்கு வேட்டி சேலை உண்டு, பிரசவம் என்றால் வண்டி கட்டி அனுப்புவார்கள். 1971-இல் குடியிருப்புச் சட்டம் வந்து, குடிசை நின்ற மண் குடியிருப்பவருக்கே சொந்தம் என்று ஆனது. தாத்தாவுக்கு அதில் கோபத்தைவிட மனவருத்தம்தான் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். "நாம என்ன போகச் சொல்லவா போறோம்? இதுக்கெதுக்குச் சட்டம்?" என்றாராம். இதை ஒரு நல்ல மனிதரின் பேச்சு என்றே கேட்டு வளர்ந்தேன். நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் மறுபக்கம் உறைத்தது. போகச் சொல்லும் அதிகாரம் தாத்தாவிடம் இருந்தது. அவர் சொல்லாமலிருந்தது அவருடைய குணம். குணம் ஒருவரோடு போய்விடும். சட்டத்தை நம்பித்தான் ஒரு குடும்பம் பிள்ளை குட்டியோடு நிம்மதியாகத் தூங்க முடியும்.

காட்டில் நடந்ததும் இதே கணக்குதான். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு புலித் திட்டம். நாகரஹொளேக்குள் இருந்த ஹாடிகளை வெளியேற்றுவது அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் நடந்தது. வெளியே வந்தவர்கள் காட்டோரத்திலும் காப்பித் தோட்டங்களிலும் சிதறினார்கள். 1990-களில் அதே காட்டுக்குள் ஒரு பெரிய ஓட்டல் விடுதி கட்ட ஏற்பாடானபோது பழங்குடியினர் எதிர்த்துப் போராடினார்கள். 1997-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. எங்கள் ஊருக்கு 1971-இல் வந்ததைப் போல, இருக்கும் இடத்தைச் சலுகையிலிருந்து உரிமையாக மாற்றும் சட்டம். ஏட்டில் அப்படி, நடைமுறையில் இழுபறி. நாங்கள் திரும்பி வந்த அடுத்த மாதமே, ஜேனு குருபக் குடும்பங்கள் சில நாகரஹொளேக்குள் கரடிக்கல்லு என்ற தங்கள் பழைய இடத்துக்குப் போய்க் குடிசை போட்டதாகச் செய்தி வந்தது.

கடைமடையில் பிறந்தவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு: எல்லோரும் எடுத்தது போக மிச்சம்தான் நமக்கு, நம்மைவிட ஏமாந்தவர் கிடையாது. அந்த நினைப்பு நியாயமற்றது அல்ல. 1924 காவிரி ஒப்பந்தம், 1990-இல் நடுவர் மன்றம், 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. என்று எங்கள் குறைக்கு ஏடு இருக்கிறது, அளவு இருக்கிறது. ஆனால் 'ஏமாந்தவன்' என்ற இடத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டால், நம் முதுகுக்குப் பின்னால் நிற்பவரைப் பார்க்கவே வேண்டியதில்லை. கபினியில் எனக்குப் பின்னால் அந்த வழிகாட்டி நின்றார். எங்கள் ஊரில் மனைக்கட்டுக்காரர்கள் நின்றார்கள்.

இதற்காக இப்படிப்பட்ட இடங்களுக்கு யாரும் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அந்த வழிகாட்டியிடமே கேட்டேன். "இந்த வேலை போனா திரும்பக் குடகுதாம்மா" என்றார். என் மனச்சாட்சிக்காக அவர் சம்பளத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் டெல்டாவில் பிறந்தவர்களுக்கு வாரத்துக்கும் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். வாரக்காரருக்கு விளைச்சலில் பங்கு, கூலியாளுக்கு அன்றன்றைய காசு. ஒரு சமூகத்தின் வீட்டு அமைப்பு, ஆட்டம், தேன், தடம் பார்க்கும் அறிவு எல்லாவற்றையும் பாரம்பரியம் என்று விலைக்கு வைக்கும் இடத்தில், அவர்களுக்குக் கிடைப்பது வாரமா, கூலியா? அறை போடும்போதே கேட்கலாம். விருந்தாளி கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கிளம்பும்போது கருத்துப் படிவத்தில், கெத்தா படங்களுக்குப் பக்கத்தில் காட்டிலிருந்து வெளியேறிய ஹாடிகளின் பெயர்களையும் மாட்டுங்கள் என்று எழுதிவிட்டு வந்தேன். மாட்டினார்களா என்று அடுத்த முறை போய்ப் பார்ப்பேன். யானைக்காகவும் தைலத்துக்காகவும் போகத்தான் போகிறேன்.

ஊருக்கு வந்ததும் எங்கள் பழைய மனைக்கட்டுப் பக்கம் போனேன். அங்கே ஒரு வீட்டின் பட்டா இன்னும் செத்துப்போன அந்த வீட்டுப் பெரியவரின் பெயரிலேயே கிடக்கிறது, பேரன் வங்கிக் கடனுக்கு அலைகிறான் என்று தெரிந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுத்து, அவனோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போய்வந்தேன். முதல் நாள் அவன் எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டிருந்தான். இரண்டு நாற்காலி கேட்டு வாங்கினேன். பட்டா இன்னும் வரவில்லை, போய்க்கொண்டிருக்கிறோம்.