பையில் ஒன்றும் இல்லை

என் அக்கா மகளுக்கு இரண்டாம் முறை எடை குறைப்பு ஆபரேஷன் நடந்தபோது, சென்னை ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவன் நான். முதல் முறை செய்தது ஸ்லீவ்: இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பின் அடித்துக் குழாய் மாதிரி ஆக்குவது. ஐந்து வருஷத்தில் போன எடை பாதிக்கு மேல் திரும்பிவிட்டது, நெஞ்செரிச்சல் வேறு. பைபாஸாக மாற்றலாம் என்றார்கள். கிரிவலம் 14 கிலோமீட்டரையும் ஒரு தடவையாவது நடந்து முடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அக்னி லிங்கம் தாண்டுவதற்குள் ஆட்டோ தேடுவாள்.

2024 ஏப்ரலில் புதுச்சேரிப் பையன் ஒருவன், 26 வயது, சென்னையில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் இறந்த செய்தியைப் படித்திருந்தோம். அதனால் பயம் முன்பே இருந்தது.

மறு ஆபரேஷனில் பழைய தழும்பால் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், தையல் கசிய வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, வயிற்றில் ஒரு ட்ரெயின் குழாய் வைத்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வாயில் அது 'த்ரேன்' என்றே வந்தது. நர்ஸ் சிரித்தாள். ரப்பர் குழாய் வைத்துச் சீழ் வடிக்கும் முறையைப் பரப்பியவரே பாரிஸ் டாக்டர் ஷசேஞாக்தான். 1859-ல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். ஆறு நோயாளிகளைப் பார்க்கும் பெண்ணிடம் இதையா சொல்வது?

கருவூலத்தில் பேரேடு எழுதிய கை சும்மா இருக்கவில்லை. முதல் நாள் 80 மில்லி, சிவப்பு. இரண்டாம் நாள் 40, வைக்கோல் நிறம். மூன்றாம் நாள் 5. பச்சையாகவோ கலங்கலாகவோ வந்தால் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அப்படி எதுவும் இல்லை. நோட்டில் அடிக்கோடு போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

அன்று ராத்திரி, "மாமா, படபடன்னு வருது, இடது தோள் வலிக்குது" என்றாள். நாடி 124. காய்ச்சல் இல்லை. ட்யூட்டி டாக்டர் பையைத் தூக்கிப் பார்த்து, "ஒண்ணும் வரலையே, பயம்தான்" என்றார். நானும் தலையாட்டினேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

இரண்டு மணிக்கு நாடி 130. த்ரேனுக்குச் சிரித்த அதே நர்ஸ்தான் பெரிய டாக்டருக்கு நேராகப் போன் போட்டாள். ஸ்கேனில் கசிவு தெரிந்தது. குழாயை ரத்தக்கட்டி அடைத்திருந்தது, கசிந்ததெல்லாம் வேறு மூலையில் தேங்கியிருந்தது. விடிவதற்குள் மறுபடி தியேட்டர். வயிற்றைக் கழுவிப் புதிதாக இரண்டு குழாய்கள் வைத்தார்கள்.

பெரிய டாக்டர் பிறகு பொறுமையாகச் சொன்னார். முதல் ஆபரேஷனில் பல இடங்களில் இப்போது வழக்கமாகக் குழாய் வைப்பதில்லையாம். அடைத்துக்கொள்ளும், கிருமிக்கும் வழியாகும். கசிவைப் பெரும்பாலும் முதலில் காட்டுவது நாடிதான். ஆனால் கசிவு வந்த பிறகு அதை வெளியேற்ற இதே குழாய்தான் வேண்டும்.

அந்த வருஷத் தீபத்தை மாடியில் உட்கார்ந்து பார்த்தாள், துப்பட்டாவுக்குள் பையோடு. போன மாசிப் பௌர்ணமிக்கு நிருதி லிங்கம் வரை நடந்தாள். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தேதி, அளவு, நிறம் என்று மூன்று பத்தி போட்டிருக்கிறேன். நாடிக்குப் பத்தி இல்லை.