ஐ. எம். விஜயனின் ஆட்டக்காலம்

கேரளத்தின் திருச்சூரில் 1969 ஏப்ரல் 25 அன்று பிறந்த கால்பந்து வீரர் ஐ. எம். விஜயன், சிறு வயதில் அவ்வூர் நகராட்சி விளையாட்டரங்கில் சோடா விற்றவர். பாட்டிலுக்குப் பத்து பைசா கிடைத்தது. விற்றபடியே ஆட்டத்தைக் கண்ணால் கற்ற அந்தப் பையனுக்குப் பதின்பருவத்திலேயே கேரள போலீஸ் அணியில் இடம் கிடைத்தது.

அந்த அணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வி. பி. சத்யன், சி. வி. பாப்பச்சன், யு. ஷரஃபலி என ஒரு தலைமுறையே அங்கே கூடியிருந்தது. மாதச் சம்பளமும் நிரந்தர வேலையும் இருந்ததால், ஏழை வீட்டுப் பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக் கவலையின்றிப் பந்தாட முடிந்தது. 1990இல் திருச்சூரில் நடந்த இறுதியாட்டத்தில் சல்கோகர் அணியை வீழ்த்தி, ஃபெடரேஷன் கோப்பையை வென்ற முதல் கேரள அணியானது. மறு ஆண்டும் கோப்பை அவர்களுக்கே.

பிறகு கொல்கத்தா. மோகன் பகான் ரசிகர்கள் விஜயனைக் 'கறுப்பு மான்' என்று கொண்டாடினார்கள். வேகத்துக்காக மட்டும் வந்த பெயரல்ல அது. உயரமாக வரும் பந்தை நெஞ்சில் வாங்கி, அது தரையைத் தொடுமுன் உடலைப் பின்னால் சாய்த்து, தலைக்கு மேலே காலை வீசி வலைக்குள் அனுப்பிவிடுவார். பஞ்சாபின் ஜேசிடி, எஃப்சி கொச்சின், ஈஸ்ட் பெங்கால், சர்ச்சில் பிரதர்ஸ் அணிகளுக்கும் ஆடினார்.

இந்தியாவுக்காக 1997 தெற்காசியக் கோப்பையில் ஆறு கோல் அடித்து முதலிடம் பிடித்தார். 1999இல் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12ஆவது விநாடியில் கோல் போட்டார். பாய்ச்சுங் பூட்டியாவோடு அவர் அமைத்த முன்வரிசையைப் போல இந்திய அணிக்கு அரிதாகவே வாய்த்திருக்கிறது. ஆனால் அந்த இணைக்கு உலகக் கோப்பை மேடை கிடைக்கவே இல்லை. 2003இல் ஹைதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுகளில் நான்கு கோல்களோடு, அணிக்கு வெள்ளியும் வாங்கித் தந்துவிட்டுச் சர்வதேச ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அதே ஆண்டு அர்ஜுனா விருது.

'திமிரு', 'பிகில்' படங்களில் நடித்தவராகவே தமிழ் ரசிகர்கள் பலருக்கு அவரைத் தெரியும். அவரது ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது போதாது.

2025இல் பத்மஸ்ரீ வந்தது. அதே ஆண்டு கேரள போலீஸ் பணியிலிருந்தும் ஓய்வு பெற்றார். அவர் ஆடிய ஜேசிடி அணி 2011இல் கலைக்கப்பட்டது. எஃப்சி கொச்சின் அதற்கு முன்பே மறைந்துவிட்டது. ஏழைப் பிள்ளைக்குச் சம்பளமும் களமும் சேர்த்துக் கொடுத்த அணிகளைக் காப்பாற்றாமல் விட்டது இந்தியக் கால்பந்தின் பெரும் பிழை.